நீலகேசியின் வாயில் குண்டலகேசி

ஆசீவகர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதியது நூலாக எதுவும் மிஞ்சவில்லை. ஏ.எல். பாஷம் அவர்களுடைய வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது வடக்கே பௌத்த, சமண நூல்களையும் தெற்கே மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் மூன்றையும் துழாவ வேண்டியிருந்தது. எல்லாமே எதிர்த்தரப்பார் எழுதியவை. எதிரி தன் வசதிக்கு எவ்வளவு சொன்னானோ அவ்வளவுதான் இன்றைக்கு ஆசீவகம்.

குண்டலகேசியின் கதை இதற்குப் பக்கத்துக் கதை. அதை மறுப்பதற்கென்றே, பெயர் தெரியாத சமணப் புலவர் ஒருவர் நீலகேசியைப் பாடினார். குண்டலகேசி வாதம், புத்த வாதம், ஆசீவக வாதம், சாங்கிய வாதம், வேத வாதம் என்று வரிசையாக ஊர் ஊராகப் போய் வாதம் செய்கிறாள் நீலகேசி. எல்லா இடத்திலும் அவள்தான் ஜெயிக்கிறாள். மறுத்த நூல் முழுசாக இருக்கிறது. மறுக்கப்பட்ட நூலில் 19 பாடல்கள் என்று அச்சிடுகிறோம். அவற்றில் பெரும்பகுதியைக் காப்பாற்றித் தந்தது புறத்திரட்டு. அது நீதி சொல்லும் பாட்டுகளைப் பொறுக்கிக் கோத்த தொகைநூல். ஆகவே குண்டலகேசியில் நமக்குக் கிடைத்திருப்பது யாக்கை நிலையாமையும் இன்ன பிற பொது உண்மைகளும். அவள் எதற்காக வாதம் செய்தாள், எந்தக் கேள்விக்கு எந்தப் பதிலைச் சொன்னாள் என்பதற்கு, சமயதிவாகர வாமன முனிவர் நீலகேசி உரையில் எதிராளியின் வாசகத்தை எடுத்துக் காட்டிக் காட்டி அடிக்கிறாரே, அந்த அடியின் தழும்புகளைத்தான் நம்ப வேண்டும். எம்.ஏ.வில் இதையெல்லாம் நாங்கள் ஐம்பெருங்காப்பியம் என்ற தலைப்பில் சிறுவினாவாக எழுதி மதிப்பெண் வாங்கினோம். ஒரு விவாதத்தின் ஒரு தரப்பு அப்படியே காணாமல் போயிருக்கிறது என்பதை எந்த வகுப்பிலும் யாரும் ஒரு பிரச்சினையாகச் சொல்லவில்லை.

இந்தப் பழைய சங்கதியை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. நின்றுபோன நம் சிற்றிதழ்கள் இன்றைக்கு இந்த இரண்டே வழிகளில்தான் பெரும்பாலும் ‘வாழ்கின்றன’. ஒன்று, புறத்திரட்டு வழி: தேர்ந்தெடுத்த கட்டுரைகள், தேர்ந்தெடுத்த கவிதைகள் என்று வருகிற தடித்தடி தொகுப்புகள். இன்னொன்று நீலகேசி வழி: பிழைத்துக் கிடந்து எழுதுகிறவர் தன் நினைவுக் கட்டுரையில், ‘அப்போது ஒருவர் எனக்கு மறுப்பு எழுதினார், நான் அதை இப்படி உடைத்தேன்’ என்று சொல்வது. அந்த ஒருவர் யார், என்ன எழுதினார் என்று கேட்டால் பதிலில்லை. உரைகாரர்கள் பரவாயில்லை, ‘என்பாரும் உளர்’ என்றாவது ஒரு வார்த்தை போட்டு வைத்தார்கள்.

ஒரு இதழ் நிற்கிறபோது அதில் வந்த நல்ல கவிதைக்கு ஆபத்தில்லை. அது எப்படியாவது ஒரு புத்தகத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். கட்டுரையும் அப்படியே. போக்கிடம் இல்லாமல் நிற்பது பதில்தான். வாசகர் கடிதம், மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு, அதன் கீழே பொடி எழுத்தில் ஆசிரியர் போட்ட குறிப்பு, அடுத்த இதழில் ‘இத்துடன் இவ்விவாதம் முடித்துக்கொள்ளப்படுகிறது’ என்கிற அறிவிப்பு. எந்தச் சொல்லும் முன்னால் சொல்லப்பட்ட ஒன்றுக்குப் பதிலாகவும் பின்னால் வரப்போகிற பதிலை எதிர்பார்த்தும்தான் பிறக்கிறது என்று பக்தின் சொன்னதைத் தொண்ணூறுகளில் நம்மவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பலகுரல் தன்மையை நாவலில் தேடினார்கள். தாங்கள் ஒட்டி, மடித்து, தபால்தலை ஒட்டி அனுப்பிய இதழே அதற்கு ஆகச் சிறந்த உதாரணம் என்பதை ஏனோ அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

‘எழுத்து’வை எடுத்துக்கொள்வோம். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா தொடங்கி 1970 வரை கொண்டுவந்த இதழ். கடைகளை நம்பாமல் சந்தாதாரர்களை நம்பி நடந்தது. ந. பிச்சமூர்த்தி, பசுவய்யா, சி. மணி, வைதீஸ்வரன், திருகோணமலையிலிருந்து எழுதிய தருமு சிவராமு என்று புதுக்கவிதையின் முதல் அணி அங்கேதான் கூடியது. ஆனால் யாப்பு இல்லாமல் கவிதையா, இது வசனத்தை ஒடித்துப் போட்டதுதானே, ஆங்கிலத்தைப் பார்த்துப் போட்ட சூடுதானே என்று எழுந்த கேள்விகளும், அவற்றுக்கு மல்லுக்கு நின்ற பதில்களும் இல்லாமல் அந்தக் கவிதைகளுக்கு அன்றிருந்த ஆபத்து நமக்குப் புரியாது. 1962இல் செல்லப்பாவே 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தொகுத்து ‘புதுக்குரல்கள்’ என்று கொண்டுவந்தார். மிகத் தேவையான புத்தகம், சந்தேகமே இல்லை. கவிதைகள் அதன் வழியாக வகுப்பறைக்குப் போயின. சண்டை பழைய இதழ்களிலேயே தங்கிவிட்டது. வகுப்பறையில் உட்கார்ந்து அந்தக் கவிதைகளைப் படிக்கிற பையனுக்கு அவை வென்று முடித்த கவிதைகள். தோற்றுப்போயிருக்கக்கூடிய கவிதைகளாக அவன் அவற்றைச் சந்திக்கவே முடியாது.

சண்டையின் கொஞ்சத்தை நமக்கு மீட்டுத் தந்தவர் வல்லிக்கண்ணன். ‘தீபம்’ இதழில் தொடராக வந்து புத்தகமான ‘புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்’ 1978இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. அதை ஒரு விமர்சன நூலாகப் படித்துவிட்டு ‘மேற்கோள் மூட்டை’ என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. எனக்கு அந்த மூட்டைதான் முக்கியம். தன் அபிப்பிராயத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு, யார் எந்த இதழில் என்ன சொன்னார், அதற்கு இன்னொருவர் என்ன சொன்னார் என்று நீளநீளமாக எடுத்துப்போட்ட அந்தக் காரியம் நம் மரபில் உரைகாரர்கள் செய்த காரியம். கோட்பாட்டில் கெட்டிக்காரர்களான பிற்பாட்டு விமர்சகர்கள் எத்தனை பேர் எதிராளிக்கு அத்தனை வரி இடம் கொடுத்திருக்கிறார்கள்? அது கிடக்கட்டும்.

நூலகங்களின் பக்கம் வருவோம். நான் படித்த கல்லூரி நூலகத்தில் இதழ்களை ஆண்டு வாரியாக பைண்டு செய்து வைத்திருந்தார்கள். பைண்டர் முதலில் செய்கிற வேலை அட்டையைக் கிழிப்பது. இரண்டாவது, மூன்று பக்கமும் ஓரத்தை வெட்டிச் சமப்படுத்துவது. சிற்றிதழ் சமாச்சாரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: கடைசி ஃபாரத்தில் இடம் போதாமல் கடிதங்கள் பின்னட்டையின் உட்பக்கத்துக்கு ஓடும். சந்தா எவ்வளவு, நன்கொடை தந்தவர்கள் யார், போன இதழ் ஏன் நான்கு மாதம் தாமதம், எந்த அச்சகம் கடன் சொன்னது என்பதெல்லாம் அட்டைகளில்தான் இருக்கும். அட்டை போனால் இதழை யார் தாங்கினார்கள் என்பதும் போகிறது. ஓரம் போனால் யாரோ ஒரு வாசகர் பென்சிலில் எழுதிய ‘பொய்’ என்ற ஒற்றைச் சொல் போகிறது. பாதுகாப்பு என்ற பெயரிலேயே இது நடக்கிறது. இதைச் செய்கிறவர்களுக்கு நல்ல எண்ணம்தான்.

கோட்டையூர் ரோஜா முத்தையா இந்த விஷயத்தில் நம் பல்கலைக்கழகங்களைவிடத் தெளிவாக இருந்தார். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த மனிதர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று, படித்தவர்கள் குப்பை என்று ஒதுக்கியதையும் சேர்த்துக்கொண்டே போனார். 1992இல் அவர் இறந்தார். அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க, அதை வைத்து 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. நமக்குக் காசு இல்லாமல் போயிற்றா, கண் இல்லாமல் போயிற்றா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஈழத்தில் இந்தக் கேள்விக்கு வேறொரு சூடு இருந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சாம்பலுக்கு 24 ஆண்டுகள் கழித்து, 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ மின்சேகரத்தில் ‘அலை’, ‘மல்லிகை’, ‘சரிநிகர்’ போன்றவற்றை இதழ் இதழாக, அட்டை, விளம்பரம், கடிதம் சகிதம் பார்க்க முடிகிறது. பள்ளிக்கூட மலர்களும் செத்தவீட்டு நினைவு மலர்களும்கூட அங்கே இருக்கின்றன. எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தரம் பிரிக்கிற துணிச்சல் வராது போலிருக்கிறது. நமக்கு அந்தத் துணிச்சல் தாராளமாக இருக்கிறது.

தரம் பிரிக்கிறவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ‘இது காலத்தைத் தாண்டி நிற்குமா?’ கடிதம் அப்படி நிற்பதற்காக எழுதப்பட்டதே அல்ல. அடுத்த மாதம் ஒரு ஆள் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. எனவே இந்தக் கேள்வியைக் கேட்ட கணத்திலேயே கடிதம் தோற்றுவிடுகிறது. கடிதத்தோடு சேர்ந்து தோற்பது யார் என்று பாருங்கள். கட்டுரை எழுதுகிற பயிற்சி இல்லாதவர்கள். அலுவலகத்தில் குமாஸ்தாவாக, மில்லில் தொழிலாளியாக, தொலைதூரப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்துகொண்டு ஒரே ஒரு முறை கோபம் வந்து ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கி எழுதியவர்கள். தலித் இலக்கியம் பற்றித் தொண்ணூறுகளில் நடந்த விவாதங்களின் கட்டுரைகள் நூல்களாகிவிட்டன. ‘எங்க ஊர்ல அப்படி இல்லீங்க’ என்று ஒரு வரியில் ஒரு பெரிய கோட்பாட்டை ஆட்டம் காணவைத்த கடிதங்கள் எந்த நூலில் இருக்கின்றன? ‘நிறப்பிரிகை’ கூட்டு விவாதம் என்பதையே ஒரு எழுத்து வகையாக ஆக்கியது; பேச்சு அச்சேறியது. அந்த மாதிரியைப் பின்னால் வந்தவர்கள் தொடரவில்லை. பலபேர் கூடிப் பேசிப் பிறந்த கருத்து கொஞ்ச காலத்தில் ஒரே பெயரோடு புத்தகக் கண்காட்சிக்கு வருவதுதான் இங்கே வழக்கம். ஆசிரியன் இறந்துவிட்டான் என்று மொழிபெயர்த்துப் போட்டவர்களே தொகுப்பு என்று வந்ததும் ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்கினார்கள். வேடிக்கைதான்.

காகிதத்தோடு தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 2000க்குப் பிறகு சிற்றிதழ்க் கடிதப் பக்கத்தின் வேலையை யாஹூ குழுமங்கள் கொஞ்ச காலம் செய்தன. ‘மரத்தடி’, ‘ராயர் காப்பி கிளப்’ என்ற பெயர்களை இன்றைக்கு எழுதிக்கொண்டிருக்கிற பலரும் நினைவு வைத்திருப்பார்கள். 2019 அக்டோபரில் நிறுவனம் இவற்றின் பழைய உரையாடல்களை அழிக்கப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பரில் குழுமங்கள் முழுசாகவே நின்றன. இடையில் உலகெங்கும் தன்னார்வலர்கள் குழுக்களில் உறுப்பினராகச் சேர்ந்து பிரதியெடுக்க முயன்றார்கள். அவர்களில் பலருடைய கணக்குகள் முடக்கப்பட்டன. தமிழுக்கு இதில் ஒரு கூடுதல் தலைவலி உண்டு. அந்தக் காலத்து மடல்களில் பெரும்பகுதி திஸ்கியில் எழுதப்பட்டவை. கொஞ்சம் ஆங்கில எழுத்திலேயே தமிழ். யாராவது தன் பங்குக்குச் சேமித்து வைத்திருந்தாலும் இன்றைய கணினியில் திறந்தால் திஸ்கி மடல்கள் கொக்கியும் புள்ளியுமாகத் தெரிகின்றன. மாற்றிக்கொடுக்கும் நிரல் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லையென்றால் அது பழைய பேப்பர் கடைக்குப் போன இதழ் மாதிரிதான். கரையான் தின்ற ஏட்டிலாவது மிச்சம் இருக்கிற எழுத்தைப் படிக்கலாம்.

அப்படியானால் கிடைத்ததையெல்லாம் ஸ்கேன் செய்து ஊரறியப் போட்டுவிட வேண்டியதுதானே என்று இளம் தோழர்கள் கேட்கிறார்கள். இங்கேதான் எனக்கு அவர்களோடு உடன்பாடில்லை.

‘ஆவணம்’ என்ற நம் சொல்லைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். சங்க இலக்கியத்தில் அது கடைத்தெரு. பெரிய புராணத்தில் அது அடிமைச் சீட்டு. சுந்தரரின் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து ‘நீ எனக்கு அடிமை, இதோ ஓலை’ என்கிறார். சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறார். கிழவர் அசரவில்லை, கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று சொல்லித் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு இழுத்துக்கொண்டு போகிறார். அங்கே பாட்டனாரின் கையெழுத்தை, காப்பில் இருந்த வேறொரு ஓலையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, சுந்தரர் அடிமைதான் என்று தீர்க்கிறார்கள். பக்தர்களுக்கு இது ஆட்கொண்ட கதை. எனக்கு இது ஆவணக்காப்பகத்தின் கதை. ஒன்றுக்கு இரண்டு பிரதி வேண்டும், இரண்டும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது. பத்திரமாக வைக்கப்பட்ட எழுத்து ஒரு நாள் ஆளைப் பிடித்துக் கட்டவும் உதவும் என்ற பாடமும் கூடவே இருக்கிறது. தெரிதா 1994இல் ஆற்றிய உரையில், ஆர்க்கைவ் என்ற சொல்லின் வேர் அதிகாரம் செலுத்துகிறவர்களின் வீடு என்பதில் இருப்பதைச் சுட்டினார். நம் ஊரில் அது சபை.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஐரோப்பாவில் புகலிடத் தமிழர்கள் நடத்திய இதழ்களை நினைத்துப் பாருங்கள். ஜெர்மனியில் ‘தூண்டில்’, சுவிட்சர்லாந்தில் ‘மனிதம்’, நார்வேயில் ‘சுவடுகள்’ என்று பல. எழுதியவர்களில் பாதிப் பேர் புனைபெயரில் எழுதினார்கள். அது இலக்கிய விளையாட்டில்லை. 1994இல் பாரிஸில் சபாலிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். மாற்றுக் கருத்துச் சொல்வதற்கு என்ன விலை என்பது அன்றைக்கு எழுதியவர்களுக்குத் தெரியும். ஊரில் அவர்களுடைய அம்மா அப்பா இருந்தார்கள். இன்றைக்கு அந்த இதழ்களைப் பட்டியலிடுகிறவர் ஆர்வக்கோளாறில் புனைபெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு உண்மைப் பெயரை எழுதினால், அது ஆராய்ச்சியா காட்டிக்கொடுத்தலா? ‘இப்பதான் யுத்தம் முடிஞ்சு போச்சே’ என்பது பதிலாகாது. முடிந்ததா இல்லையா என்பதை எழுதினவர்தான் சொல்ல வேண்டும். பெயர் மட்டுமல்ல. இருநூறு பேர் படிப்பார்கள் என்று நம்பி ஒருவர் எழுதியதை, எவரும் எந்நேரமும் ஒரு சொல்லைத் தட்டித் தேடி எடுக்கலாம் என்று ஆக்குவது அந்தப் பேச்சையே வேறொன்றாக ஆக்கிவிடுகிறது. கடிதத்தாள் பெற்றவருடையது, அதிலிருக்கும் வாசகத்தின் உரிமை எழுதியவருடையது என்பது சட்டத்திலும் உண்டு.

ஆக, முழுசாக வைப்பது ஒரு காரியம், திறந்துவிடுவது வேறொரு காரியம். இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறவர்கள் ஒன்று பயந்து எல்லாவற்றையும் பூட்டுகிறார்கள், இல்லையென்றால் கொள்கை பேசிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டுகிறார்கள். இதழை அட்டையிலிருந்து அட்டை வரை எடுக்க வேண்டும். எது எதற்குப் பதில் என்ற தொடர்ச்சி அறுபடாமல் ஒரு குறிப்பேடு வேண்டும். ஆசிரியர் பெயர் அகராதியைவிட எனக்கு இதுதான் முக்கியம். புனைபெயர் புனைபெயராகவே இருக்க வேண்டும். அச்சேறாத கடிதம் இருந்தால் எழுதியவரைத் தேடிக் கேட்க வேண்டும். அலைச்சல்தான். இந்த அலைச்சலைச் செய்யாதவர்களுக்குத் தொகுப்புரையில் நன்றி வாங்க உரிமையில்லை என்று நினைக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு சின்ன ஊரிலிருந்து ஒன்பது இதழ்கள் கொண்டுவந்த ஒருவருடைய வீட்டில் இந்த வேலையில் இப்போது இருக்கிறோம். அவர் இல்லை. கடிதங்களையெல்லாம் வந்த வரிசையில் கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருந்தார். அவருடைய துணைவியார், ‘பேப்பர்காரன் ரெண்டு தடவ கேட்டுட்டுப் போயிட்டான் தம்பி, நாந்தான் குடுக்கல’ என்றார். உடன் வந்த நண்பர் கடிதங்களைக் கம்பியிலிருந்து உருவி எழுதியவர் பெயர் வாரியாக அடுக்கலாம் என்றார். நல்ல ஆய்வாளர், அவருக்கு அப்படித்தான் தோன்றும். கம்பியின் வரிசைதான் விவாதத்தின் வரிசை. அதை உருவினால் அவரவர் தனித்தனிக் கட்டாகிவிடுவார்கள், யாரும் யாரோடும் பேச மாட்டார்கள் என்று நான் சொன்னேன். கடைசியில் கீழிருந்து மேலாக எண் போட்டுவிட்டு உருவினோம்.

அதில் ஓர் ஆண் பெயரில் மூன்று கடிதங்கள். அன்றைக்குப் பெரிய விமர்சகராக இருந்த ஒருவரோடு மோதியவை. ஒன்றுதான் அச்சேறியிருக்கிறது, விமர்சகரின் நான்கு பக்கப் பதில் முழுசாக வந்திருக்கிறது, பின்னால் அவருடைய தொகுப்பிலும் இருக்கிறது. விசாரித்துக்கொண்டே போனதில், எழுதியவர் ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியை என்று தெரிந்தது. போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: ‘பேரு போடாதீங்க. இப்ப எதுக்கு அதெல்லாம். ஆனா கடிதத்த எடுத்துடாதீங்க. அவரு எழுதுன பதிலுக்குக் கேள்வி வேணுமில்ல?’

கட்டு போன வாரம் ஸ்கேனுக்குப் போயிருக்கிறது. மூன்று கடிதங்களும் அந்த ஆண் பெயரிலேயே, கம்பியில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.